இழுத்தால் வேகம்

புருசனின் பெயரைப் பெண்சாதி சொல்லக்கூடாதாம். நான் சொல்லுவேன்: சோமசேகரம். திருகோணமலைத் துறைமுகத்தில் களஞ்சிய எழுதுவினைஞர். காலையில் சைக்கிளில் போய், கயிற்றுச் சுருளையும் பெயின்ற் வாளியையும் பார்த்துப் பதிந்துவிட்டு, பின்னேரம் சைக்கிளில் திரும்பி வருகிற மனுசன். படலையைத் திறந்து உள்ளே வந்துவிட்டால் கப்டன். ஒழுங்கையில் உள்ளவர்கள் பகிடிக்குத்தான் அந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள். இவர் அதை நியமனம் என்று எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் கப்டன் ஒருநாளும் விமானத்தில் ஏறினது கிடையாது. சண்டை மும்முரமாக இருந்து ரோட்டுப் பூட்டிக் கிடந்த ஒரு வருசம், கந்தோர் அலுவலாகக் கொழும்புக்குப் போகச் சீனன்குடாவிலிருந்து ஒரு சின்ன விமானத்தில் இவருக்கு இடம் கிடைத்தது. முதல்நாள் முழுக்க அயலட்டையில் சொல்லித் திரிந்தார். விடிந்ததும் வயிற்றாலை போகத் தொடங்கிவிட்டது. விமானம் எங்கள் கூரைக்கு மேலால் பறந்து போன பிறகு வயிறு தானாகச் சுகமானது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். அந்தக் கதையை நான் எடுத்தால் இன்றைக்கும் இவருக்குக் காது கேட்காது.

இவரைக் கப்டன் ஆக்கியது கொம்பியூட்டர். அதை வாங்கியவள் எங்கள் ஒரே மகள் மாதுமை. கோணேசர் கோயில் அம்பாளின் பெயர் அவளுக்கு. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தாள். மேலே படிக்கவென்று வாங்கினாள். சமாதானம் என்று எழுதின கடதாசி மெல்ல மெல்லக் கிழிந்துகொண்டிருந்த காலம் அது. யாரோ கொழும்பிலிருந்து விமானம் ஓட்டுகிற கொம்பியூட்டர் விளையாட்டுச் சீடி ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கே பிள்ளையின் படிப்பு மேசை கையை விட்டுப் போனது. பிள்ளை குசினியில் அரிசிப் பெட்டிக்கு மேல் புத்தகத்தை வைத்துப் படித்தாள். தகப்பன் ஹோலில் இருந்து பறந்தார்.

அந்த விளையாட்டில் எங்கள் சீனன்குடா ஓடுபாதையும் இருந்தது. நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கோணேசர் கோயிலைக் காணோம், பஸ் நிலையத்தைக் காணோம், திருகோணமலை முழுவதும் ஒரு பச்சைத் திட்டு. சென்ரி இல்லை, முள்ளுக்கம்பி இல்லை, அடையாள அட்டை கேட்க ஆள் இல்லை. இந்த மனுசன் ஏன் அதுக்குள்ளேயே குடியிருக்கப் பார்க்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் விளங்கியது. விளங்கியது என்பதற்காகக் கோபம் குறையவில்லை.

இவருக்குப் பிடித்தது பெரிய விமானங்கள் இல்லை. இவருக்குப் பிடித்தவற்றில் முன்னால் விசிறி சுற்றும். ஆனால் விசிறியைச் சுற்றுவது உள்ளே எரிகிற ஜெட் இஞ்சின். சீனன்குடாவில் இறங்குகிற மாதிரியான நடுத்தர விமானங்கள். அவற்றுக்கு வேகம் கூட்டிக் குறைக்க ஒரு கைபிடி உண்டாம். அதில் கைபிடி வந்து இறுகி நிற்கிற வெட்டு, ஒரு காடி, இருக்கும். காடிக்கு ஒரு பக்கம் வேகம். கைபிடியின் கீழே இருக்கிற சின்னப் பூட்டை விரலால் தூக்கினால்தான் காடியைத் தாண்டி மற்றப் பக்கம் போகும். அந்தப் பக்கம் போனால் விசிறி காற்றை முன்னால் தள்ளி, தரையில் ஓடுகிற விமானத்தைப் பிடித்து நிறுத்தும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவேண்டாம். சோறு போட்டுக் கொடுக்கும்போது கேட்டது, மீன் வெட்டும்போது கேட்டது, காய்ச்சலில் படுத்திருந்தபோதும் கட்டில் காலடியில் நின்று சொன்னார்.

விளையாட்டோடு வந்த, விமானத்தைத் திருப்பப் பிடிக்கிற கறுப்புத் தடியில் வேகத்துக்கு ஒரு சின்னச் சக்கரம்தான் இருந்தது. காடி இல்லாத சக்கரத்தைப் பிடித்து ஒரு கப்டன் எப்படி விமானம் இறக்குவது? காடியுள்ள கைபிடி தேடிக் கிண்ணியாவுக்குப் பாதைப் படகு ஏறிப் போனார். அங்கே றஊப் என்று ஒரு படகுக்காரர், இவருக்குத் துறைமுகத்தில் பழக்கம். வலுக்கூடிய இஞ்சின் பூட்டிக் கடலுக்குப் போகக்கூடாது என்று கடற்படை சொன்ன பிறகு, றஊப்பின் பெரிய இஞ்சின் சாக்கால் மூடிக் கிடந்தது. அதை ஓட்டுகிற கைபிடிப் பெட்டி கொட்டிலில் தூங்கியது. முன்னால், நடுக்காடி, பின்னால். தூக்கிவிடுகிற பூட்டும் இருந்தது. இவர் அதைக் கண்டதும் மாப்பிள்ளை பார்த்த மாதிரிச் சிரித்தாராம். இது படகின் வலப்பக்கச் சுவரில் பூட்டுகிற பெட்டி, இடப்பக்கம் பூட்டினால் எல்லாம் மாறி வேலை செய்யும் என்று றஊப் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். இவர் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கி வந்து, மேசையின் இடப்பக்கம் பூட்டினார். வலப்பக்கம் என்னுடைய அலுமாரி நின்றது. அலுமாரியை நகர்த்துங்கோ என்றேன். முதுகு பிடிக்கும் என்றார்.

பிறகு மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் நடந்தது அந்தக் கைபிடிக்கு அளவு பார்க்கிற வேலை. பழைய றேடியோவின் சத்தம் கூட்டுகிற குமிழைக் கழற்றிக் கைபிடியின் அச்சில் கட்டினார். கறுப்புத் தடியைப் பிளந்து உள்ளிருந்த தகட்டை எடுத்து அதோடு கம்பியால் இணைத்தார். கைபிடி அசைய, திரையில் ஒரு கோடு அசையவேண்டும். காடியில் நிற்கும்போது விசிறி சும்மா சுற்றவேண்டும்; விமானம் ஒரு அடி நகரக்கூடாது. இவருடைய விமானம் காடியில் நின்றபடியே ஊர்ந்து போய்ப் புல்லுக்குள் விழுந்தது. கடற்காற்றில் குமிழ் துருப்பிடித்து, திரையில் கோடு காய்ச்சல்காரனின் கைபோல நடுங்கியது. தேங்காயெண்ணெய் பூசினார். எறும்பு வந்தது. கடைசியில் மாதுமைதான் இரக்கப்பட்டு வந்து, சின்ன நடுக்கத்தைக் கணக்கில் எடுக்காதே என்று கொம்பியூட்டருக்குள் எங்கோ ஓரிடத்தில் சொல்லிக் கொடுத்தாள். நடுக்கம் நின்றது. கப்டன் அதைத் தன்னுடைய வெற்றி என்று ஒழுங்கை முழுவதும் அறிவித்தார்.

ஆனால் ஒன்று மட்டும் நேராகவில்லை. றஊப் சொன்ன மாதிரியே கைபிடி மாறித்தான் வேலை செய்தது. தன் பக்கம் இழுத்தால் விமானத்துக்கு வேகம் கூடும். முன்னால் தள்ளினால் அடங்கும். மாதுமை அதைப் பார்த்துவிட்டு, அப்பா, இது பிழை, முன்னுக்குத் தள்ளினால்தான் வேகம் வரவேண்டும் என்றாள். கைபிடியின் போக்கை மாற்றிவிடுகிற சின்னச் சதுரம் ஒன்று திரையில் இருக்கிறது, அதில் ஒரு சரி அடையாளம் போட்டால் போதும் என்றும் காட்டினாள். இவர் ஒத்துக்கொள்வாரா? தோணியில் இருக்கிறவன் துடுப்பைத் தன் பக்கம் இழுத்தால்தானே தோணி முன்னால் போகிறது என்று கேட்டார். துறைமுகத்தில் இத்தனை வருசம் இருக்கிற எனக்குத் தெரியாதா என்றார். இவர் துடுப்புப் பிடித்ததை நான் கண்டதில்லை. துடுப்புகளைக் களஞ்சியத்தில் பதிந்திருக்கிறார், அது உண்மை.

திரையில் தெரிகிற கைபிடி முன்னுக்குப் போகிறதே என்று பிள்ளை காட்டினாள். அது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி, மாறித்தான் தெரியும் என்றார். எந்த விமானத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுகிறாய் என்று ஒரு போடு போட்டார். விமானத்தின் உள்பக்கத்தைக் காணாதவர்கள் மூன்று பேர் இருக்கிற வீட்டில், ஆர் பெரிசாகக் கத்துகிறாரோ அவர் சொல்வதுதான் விமானம். இழுத்தால் வேகம் என்பது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. ஆமிக்காரர் வீடு சோதிக்க வருகிறார்கள் என்று சத்தம் கேட்டால், நான் ஓடிப்போய் அந்தக் கைபிடிக்கு மேல் ஒரு சேலையைப் போட்டு மூடுவேன். அவர்கள் போன பிறகு, சேலை நூல் காடிக்குள் போய்விட்டது என்று கப்டன் என்னோடு சண்டை பிடிப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் தரகர் ஞானசேகரம் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெடியனின் பெயர் கோணேசலிங்கம். சாம்பல்தீவில் பிறந்து, சின்ன வயதில் கலவரத்தோடு தாய் தகப்பன் கனடாவுக்குக் கொண்டுபோன பிள்ளை. கோணேசரும் மாதுமையும், பேரே பொருந்துது அம்மா, சாதகம் எதுக்கு என்றார் ஞானசேகரம். பெடியனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விமானி என்றார். கனடாவின் வடக்கில் பனி மூடின சின்னச் சின்ன ஊர்களுக்கு ஆட்களையும் சாமானையும் ஏற்றி இறக்குகிறானாம். விசிறி சுற்றுகிற, உள்ளே ஜெட் எரிகிற வகையாம். ஹோலில் ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் சத்தம் டக்கென்று நின்றது. கப்டன் கதிரையோடு திரும்பிப் பார்த்தார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பிள்ளை இந்த ஊரை விட்டுப் போய்விடவேண்டும். அவள் வேலை முடிந்து வருகிற வழியில் எத்தனை சென்ரி என்று எனக்குத் தெரியும். வர ஒரு கால் மணித்தியாலம் பிந்தினாலே நான் படலைக்குப் போய் நிற்பேன். அவளைப் போகவிட்டு நான் அழுதாலும் பரவாயில்லை, வைத்துக்கொண்டு அழக்கூடாது. ஆனால் எங்கே போகிறாள், ஆரோடு போகிறாள் என்பதும் பெரிய பயம். எங்கள் ஒழுங்கையில் இராசமலரின் மகளுக்கு இலண்டனில் எஞ்சினியர் மாப்பிள்ளை வந்தான். பிள்ளை போய் இறங்கின பிறகுதான் தெரிந்தது, அவன் பெற்றோல் அடிக்கிறவன் என்று. பெற்றோல் அடிப்பது குற்றமா? இல்லை. இத்தனை பேரைக் கூட்டி வைத்துப் பொய் சொன்னானே, அதுதான் குற்றம். இராசமலர் அதற்குப் பிறகு கோயிலுக்குக்கூட வருவதில்லை.

கோணேசலிங்கம் மாதுமையோடு ரெலிபோனில் கதைத்தான். முந்திப் பேசி வந்த பெடியன்கள் எல்லாம் உயரம் என்ன, சமைப்பீரா என்று கேட்டவர்கள். இவன் மருந்தகத்தில் வேலை எப்படி என்று கேட்டானாம். மாதுமை அவனிடம் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. விமானத்தில் கைபிடியைத் தள்ளினால் வேகமா, இழுத்தால் வேகமா? அவன் சிரித்துவிட்டு, தள்ளினால்தான் என்றிருக்கிறான். பிள்ளை வந்து தகப்பனிடம் சொன்னாள். முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்தப் பெடியனை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நான் அந்த நேரமே கண்டுகொண்டேன். இவர் கதிரையில் சாய்ந்து மேலே பார்த்தார்.

"அப்ப அவன் விமானி இல்லை," என்றார்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல? ஊரில் இல்லாத துப்பறிகிறவர் ஆகிவிட்டார். தரகரை மறித்து வைத்து, கைபிடி எந்தப் பக்கம் என்று தெரியாதவன் என்ன விமானி என்று கேட்டார். ஞானசேகரம் பாவம், தனக்குத் தெரிந்த கைபிடி குடைக் கைபிடிதான் என்றார். நான் இவரைத் திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஒரு ஊசி குத்திக்கொண்டுதான் இருந்தது. இந்த மனுசன் எத்தனை மாசமாக இதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஒருவேளை இவர் சொல்வது சரியாக இருந்தால்? இராசமலரின் வீட்டுப் படலை பூட்டியே கிடப்பது என் கண்ணில் வந்து நின்றது.

அந்த வருசம் ஊர் கெட்டுக்கொண்டு வரும்போதே பெடியன் துணிந்து வந்துவிட்டான். சாம்பல்தீவில் இருக்கிற மாமி நல்லம்மாவோடும் தரகரோடும் பொம்பிளை பார்க்க ஓட்டோவில் வந்து இறங்கினான். ஒல்லியான, அமைதியான பெடியன். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தான். நல்லம்மா கனத்த பட்டுச் சேலையும் அதற்கேற்ற வாயும் உள்ள மனுசி. வழியில் எத்தனை இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, நல்ல கதிரையாகப் பார்த்து இருந்தார். முறை என்ன? இருந்து கதைத்து, கொஞ்ச நேரத்தில் பொம்பிளையைக் கூப்பிட, அவள் தேத்தண்ணித் தட்டத்தோடு வரவேண்டும். மாதுமை குசினியில் சேலை கட்டிக்கொண்டு தட்டத்தோடு தயாராக நின்றாள். பயற்றம் பணியாரமும் வாழைப்பழமும் வைத்திருந்தேன்.

இவர் பெடியனை இருக்கவே விடவில்லை. "தம்பி, இஞ்சை வாங்கோ," என்று தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டுபோய்க் கொம்பியூட்டர் கதிரையில் இருத்தினார். திரையில் எல்லாம் ஆயத்தம். விமானம் கொட்டியாரக் குடாவுக்கு மேலே ஏற்கெனவே பறந்துகொண்டு நின்றது. காற்றையும் பலமாக வைத்திருந்தார். பொம்பிளை பார்க்க வந்தவனைப் பரீட்சை மண்டபத்தில் இருத்தினதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நல்லம்மா என்னைப் பார்த்தார். நான் வாழைப்பழத்தை நீட்டினேன்.

"சீனன்குடாவிலை ஒருக்கா இறக்குங்கோ பாப்பம்," என்றார் இவர்.

பெடியன் சிரித்தான், மறுக்கவில்லை. விமானம் ஓடுபாதையை நோக்கிப் பதிந்தது. கொஞ்சம் வேகம் போதாமல் வந்ததும் கைபிடியை முன்னால் தள்ளினான். இஞ்சின் அடங்கியது. இன்னும் தள்ளினான். இன்னும் அடங்கியது. விமானம் கொட்டியாரக் குடாவுக்குள் போய் விழுந்தது. பெடியன் கைபிடியை ஒருதரம் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று இப்போது எனக்குத் தெரியும். மாமனாராக வரப்போகிற மனுசனின் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில், கைபிடி மாறிக் கிடக்கிறது போல இருக்கு அங்கிள் என்றான். அது விமானிகளுக்குத் தெரியும் தம்பி என்றார் இவர்.

இன்னொருதரம் இருத்தினார். இந்த முறை பெடியன் இழுத்தே ஓட்டினான். நன்றாகத்தான் வந்தான். ஓடுபாதை கிட்ட வந்துவிட்டது. எனக்கே மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்து விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியது. பெடியனின் கை, நினைக்க முதலே, முன்னால் தள்ளிவிட்டது. பனிக்குள்ளும் மழைக்குள்ளும் வருசக்கணக்காகப் பழகின கை அல்லவா. விமானம் கரைக்கு இப்பால் தண்ணீரில் விழுந்து உடைந்தது.

கப்டன் எழும்பி நின்றார். சாரம் கட்டிக்கொண்டு நிற்கிறவர் மாதிரி இல்லை. நீதவான் மாதிரி நின்றார். "பாத்தீங்களே எல்லாரும்? இவர் விமானி இல்லை. என்ரை பிள்ளையைக் குடுக்க ஏலாது."

ஞானசேகரம் வாயில் போட்ட பணியாரத்தை விழுங்க மறந்துபோனார். நல்லம்மா கதிரையை விட்டு எழும்பினார். தன் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் சீதனம் கேட்டு அவமானப்படுத்தினதைக் கண்டிருக்கிறாராம். மாப்பிள்ளையைக் கடலில் தள்ளி அவமானப்படுத்தினதை இந்த வீட்டில்தான் கண்டாராம். பெடியன் கதிரையைப் பின்னால் நகர்த்தினான். போகிறவர்களை நான் மறிக்கவில்லை. பொய்க்காரனாக இருந்தால் போகட்டும் என்று ஒரு மனம். பிள்ளை இனி இந்த ஊரிலேயே கிடக்கப் போகிறாளே என்று ஒரு மனம். இவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவேண்டும் என்று இன்னொரு மனம்.

அப்போதுதான் குசினி வாசலில் மாதுமை. ஒருவரும் கூப்பிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டும் வரவில்லை. தேத்தண்ணித் தட்டத்தை நேரே கொண்டுவந்து தகப்பனின் கையில் கொடுத்தாள். இவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். பெடியனுக்குப் பக்கத்தில் குனிந்து, திரையில் எங்கேயோ போய், அந்தச் சின்னச் சதுரத்தில் ஒரு சரி அடையாளம் போட்டாள். விமானத்தை மறுபடி குடாவுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். காற்றைக் குறைக்கவில்லை.

"இப்ப தள்ளுங்கோ," என்றாள்.

பெடியன் அவளை ஒருதரம் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். அதற்குப் பிறகு நடந்ததை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தக் கை மட்டும்தான். சும்மா பிசைகிற மாதிரி, கொஞ்சம் தள்ளினான், கொஞ்சம் விட்டான். காற்று அடித்தபோது கை தானாகப் போய் வந்தது. விமானம் பதிந்து, ஓடுபாதையில் சக்கரம் பட்டது. உடனே விரலால் அந்தப் பூட்டைத் தூக்கிக் காடியைத் தாண்டிப் பின்னுக்கு இழுத்தான். விசிறி ஊளையிட்டது. விமானம் மெல்ல ஓடி, பாதையின் நடுவில் நின்றது. எங்கள் வீட்டில் இத்தனை காலத்தில் ஒரு விமானம் புல்லுக்குள் போகாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இவர் தட்டத்தோடு நின்றார். மாதுமை தட்டத்தை வாங்கி நல்லம்மாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, தகப்பனுக்குக் கதிரையைக் காட்டினாள்.

"இப்ப நீங்க இறக்குங்கோ அப்பா."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தலையிடி என்றிருக்கலாம், வயிற்றாலை போகிறது என்றிருந்தால் நானே சாட்சி சொல்லியிருப்பேன். ஆனால் இவர் இருந்தார். வீம்பு. விமானம் பதிந்தது, காற்று அடித்தது, இவர் வழக்கம்போல் தன் பக்கம் இழுத்தார். இஞ்சின் அடங்கியது. இன்னும் இழுத்தார். கப்டன் சோமசேகரம், அவருடைய சொந்த மேசையில், சொந்தக் கைபிடியோடு, கொட்டியாரக் குடாவுக்குள் நேராகப் போய் விழுந்தார்.

நல்லம்மா கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். விமானத்தைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. "அப்ப இவரும் விமானி இல்லைத்தானே?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருசச் சிரிப்பு, அடக்க முடியவில்லை. ஞானசேகரம் சிரித்தார். பெடியன் மட்டும் சிரிக்கவில்லை. இவருக்குப் பக்கத்தில் குனிந்து, இந்தக் கைபிடியை எங்கே எடுத்தீங்கள் அங்கிள், காடி நல்ல அச்சாவாக வேலை செய்கிறது என்றான். இவர் றஊப்பின் படகைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தேங்காயெண்ணெய் பூசின கதைக்கு வந்தபோது பழையபடி கப்டனாகிவிட்டார். நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் பெடியனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கலியாணத்தை அவசரமாகச் செய்தோம். ஊரடங்கு இல்லாத ஒரு முகூர்த்தம் பார்த்து, மேளம் குறைத்து, ஆட்களைக் குறைத்து. கொஞ்ச நாளில் மூதூர்ப் பக்கம் ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். இடம்பெயர்ந்து வந்த சனத்தால் பள்ளிக்கூடங்கள் நிரம்பின. றஊப்பின் அந்தப் பெரிய இஞ்சின் என்ன ஆனது என்று தெரியவில்லை. கடதாசி அலுவல் எல்லாம் முடிந்து மாதுமை போவதற்கு ஒரு வருசம் ஆனது. அந்த ஒரு வருசமும் அவள் பிந்தி வந்த ஒவ்வொரு பின்னேரமும் நான் படலையில் நின்றேன். இவர் என்னோடு படலைக்கு வரவில்லை. உள்ளே இருந்து விமானம் ஓட்டினார். இஞ்சின் சத்தத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு ஓட்டினார். பிள்ளை படலைக்குள் காலை வைத்ததும் சத்தம் நிற்கும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவளை வழியனுப்பிவிட்டு வந்த அன்றைக்கு, இவர் சேட்டுக்கூடக் கழற்றாமல் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தார். ஏதோ தட்டினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். மாதுமை போட்டுவிட்டுப் போன அந்தச் சரி அடையாளத்தை இவர் எடுத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை நடந்தும் இந்த மனுசனுக்குப் புத்தி வரவில்லையே. வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்கப் போனேன். இவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பெடியனில் இவருக்கு ஒருநாளும் சந்தேகம் இருக்கவில்லை, பிள்ளை போய்விடுவாளே என்று பயந்து கிடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

அதற்குப் பிறகு இவர் சீனன்குடாவை விட்டுவிட்டார். பின்னேரம் வந்தால், கனடாவின் வடக்கில் மாதுமை இருக்கிற ஊருக்குத்தான் பறப்பு. அந்த ஊரும் விளையாட்டில் இருக்கிறது, வெறும் வெள்ளைத் திட்டாக. கரண்ட் நிற்கும்வரை போவார். கரண்ட் போனால் நடுவழியில் இருட்டுக்குள் இருந்துகொண்டு, இன்னும் கொஞ்சத் தூரம்தான் இருந்தது என்று என்னிடம் சொல்லுவார்.

போன கிழமை பிள்ளை ரெலிபோன் எடுத்தாள். சாப்பாடு, குளிர், என் பிறஷர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அப்பா எந்தப் பக்கம் இழுக்கிறார் அம்மா என்று கேட்டாள்.

"வேறை எந்தப் பக்கம்? தன்ரை பக்கம்தான்," என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு அழுகிற சத்தம் கேட்டது. நான் ரெலிபோனை இவரிடம் கொடுத்தேன். இவர், அங்கே ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று மருமகனிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.